முன்னும் பின்னும்: ஒருவழித் தொடர்புகளின் கணிதம்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அந்தத் தடத்தில் இரு முனைகளையும் சேர்த்து 18 நிலையங்கள் இருக்கின்றன. கடற்கரையிலிருந்து எண்ணினால் பதினாறாவது குரோம்பேட்டை. அதற்கு முன் பல்லாவரம், பின் தாம்பரம் சானடோரியம். இந்த நிலையங்களைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம். பல்லாவரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு ரயிலில் போக முடியுமா? முடியும், குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரத்துக்கும் போக முடியும். தாம்பரம் செல்லும் வண்டியில் பல்லாவரம் குரோம்பேட்டைக்கு முன் வருகிறதா? வருகிறது, அப்படியானால் குரோம்பேட்டை பல்லாவரத்துக்கு முன் வரவே வராது. தண்டவாளம் ஒன்றுதான், நிலையங்களும் அவையேதான். முதல் கேள்வியின் விடை இரு பக்கமும் பொருந்துகிறது. இரண்டாவதன் விடை ஒரு பக்கம் பொருந்தியதாலேயே மறுபக்கம் அடைபட்டுவிடுகிறது. இந்த இரண்டாம் வகைத் தொடர்பைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் பதினோராம் வகுப்புக் கணிதம் தற்சுட்டு, சமச்சீர், கடப்பு என்று மூன்று பண்புகளைக் கற்பித்து, மூன்றும் கூடிய சமானத் தொடர்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது. சமச்சீர் வாய்க்காத தொடர்பு ‘அல்ல’ என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடும். பொறியியல் கல்லூரியில் தனிநிலைக் கணிதம் படிக்கும் மாணவர் பகுதி வரிசைகளைச் சந்திப்பார். அதுவும் பெரும்பாலும் பூலியன் இயற்கணிதத்துக்கு வாசலாக. இதனால் மாணவர் மனத்தில் ஒரு தவறான படம் பதிகிறது: சமச்சீர் ஒரு பண்பு, அது இல்லாமை ஒரு குறை. இந்தப் படம் மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். திரும்பி வராத தொடர்புக்குத் தனக்கே உரிய கண்டிப்பான இலக்கணம் இருக்கிறது.

அந்த இலக்கணம் ஒரே வரி. அ என்பது ஆ-வுடன் தொடர்புடையது என்றால், ஆ என்பது அ-வுடன் தொடர்புடையதாக இருக்கக் கூடாது. எந்தச் சோடியை எடுத்தாலும் இது மீறப்படக் கூடாது. இதை ஒருவழித் தொடர்பு என்று அழைக்கிறேன். இந்த ஒரு வரியிலேயே வேறொன்றும் அடங்கியிருக்கிறது. எந்த உறுப்பும் தன்னோடே தொடர்புகொள்ள முடியாது. கொண்டால், சோடியைத் திருப்பிப் போட்டாலும் அதே சோடி வந்து விதி உடையும்.

சமச்சீர் அல்லாத தொடர்பு என்பது இதைவிட மிகத் தளர்வானது. ஒரு தெருவில் யார் யாரை நண்பராகக் கருதுகிறார்கள் என்று பட்டியல் எடுத்தால், சில இடங்களில் நட்பு இருபுறமும் இருக்கும், சில இடங்களில் ஒருபுறம் மட்டும் இருக்கும். அந்தப் பட்டியல் சமச்சீரும் ஆகாது, ஒருவழியும் ஆகாது. ‘வகுக்கும்’ என்ற தொடர்பு மூன்றாவது வகை: 3 என்பது 12-ஐ வகுக்கும், 12 என்பது 3-ஐ வகுக்காது, ஆனால் 12 தன்னையே வகுக்கும். வெவ்வேறு இயல் எண்களுக்கிடையே திரும்புதல் இல்லை, தன்னோடு தொடர்பு உண்டு. இதற்கு எதிர்ச்சமச்சீர் என்று பெயர். எதிர்ச்சமச்சீரில் தன்னோடான தொடர்புகளை எல்லாம் நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒருவழித் தொடர்பு. தேர்வுத் தாள்களில் மாணவர்கள் அதிகம் குழம்புகிற இடம் இந்த மூன்றுக்கும் நடுவே இருக்கிறது.

குழப்பம் தீர எண்ணிப் பார்ப்பதே நல்ல வழி. மூன்று உறுப்புகள் உள்ள கணத்தில் 9 வரிசைச் சோடிகள். ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் மொத்தம் 512 தொடர்புகள். அவற்றில் சமச்சீரானவை 64. மிச்சமுள்ள 448-ம் சமச்சீர் அல்லாதவை. ஒருவழித் தொடர்புகளோ 27 மட்டுமே: தன்னோடான சோடி மூன்றுக்கும் இடமில்லை; வெவ்வேறு உறுப்புகளின் மூன்று இணைகள் ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒன்றுமில்லை என மூன்று வாய்ப்புகள்; மூன்றின் மூன்றாம் அடுக்கு 27. தன்னோடான சோடிகளை விருப்பம்போல் சேர்க்க அனுமதித்தால் எதிர்ச்சமச்சீர்த் தொடர்புகள் 216 கிடைக்கும். 448 எங்கே, 27 எங்கே! சமச்சீர் இல்லை என்று சொல்வதற்கும் ஒருவழி என்று சொல்வதற்கும் உள்ள தொலைவு அவ்வளவு. ஒரு சிறு விந்தையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சோடியும் இல்லாத வெற்றுத் தொடர்பு அந்த 64-இலும் உண்டு, 27-இலும் உண்டு. மீறுவதற்கே ஆள் இல்லாத இடத்தில் இரண்டு விதிகளும் காக்கப்பட்டு நிற்கின்றன.

இந்த வகைத் தொடர்பின் ஆழத்தை அழுத்திச் சொன்னவர்களில் முதன்மையானவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். 1903-இல் வெளிவந்த தமது ‘கணிதத்தின் கோட்பாடுகள்’ நூலில் வரிசை என்ற கருத்துக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். வரிசை எங்கே இருந்தாலும் அதன் அடியில் ஒரு ஒருவழித் தொடர்பு இருக்கும் என்பது அவர் நிலை. அவர் எதிர்த்தது ஒரு பழைய தத்துவ நம்பிக்கையை: இரண்டு பொருள்களுக்கு இடையிலான தொடர்பு எதையும், அந்தந்தப் பொருளின் தனிப்பண்புகளாகப் பிரித்துச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை.

சில தொடர்புகளுக்கு அந்த நம்பிக்கை செல்லும். ‘இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்’ என்பதை, இவர் ஊர் குரோம்பேட்டை, அவர் ஊரும் குரோம்பேட்டை என்று இரண்டு தனிச் செய்திகளாக்கிவிடலாம். சமானத் தொடர்பு எல்லாமே இப்படிப்பட்டதுதான். ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெயர் கொடுத்தால் வேலை முடிந்தது. ‘அக்கா தங்கையைவிட மூத்தவள்’ என்பதை அப்படிச் செய்து பாருங்கள். அக்கா பிறந்தது 1960, தங்கை பிறந்தது 1964. இரண்டு தனிச் செய்திகள் கிடைத்தன. ஆனால் அவற்றிலிருந்து இரண்டும் வேறு வேறு ஆண்டுகள் என்பது மட்டும்தான் வரும். மூத்தவள் யார் என்று சொல்ல, 1960 என்பது 1964-க்கு முந்தியது என்பதும் தேவை. ‘முந்தியது’ மறுபடியும் ஒரு ஒருவழித் தொடர்பு. வாசல் வழியாக வெளியேற்றியது கொல்லை வழியாக உள்ளே வந்துவிட்டது. திசையைத் திசையில்லாத செய்திகளிலிருந்து உருவாக்க முடியாது என்று இதைப் புரிந்துகொள்கிறேன். வரிசைச் சோடியையே வெறும் கணங்களால் அமைத்துக்காட்டிய போலந்துக் கணிதர் குரடோவ்ஸ்கியின் 1921-ஆம் ஆண்டு வரையறையிலும் இதையே காண்கிறோம். அவர் அமைப்பில் முதலாவதை இரண்டாவதிலிருந்து பிரித்துக் காட்டுவது, எது எதனுள் உறுப்பாக இருக்கிறது என்பதுதான். உறுப்பாதல் வழக்கமான கணக் கோட்பாட்டில் ஒருவழித் தொடர்பு.

ரயில் தடத்துக்குத் திரும்பினால், ‘அடுத்த நிலையம்’ என்ற தொடர்பில் 17 சோடிகள்தான் உள்ளன. பல்லாவரத்துக்கு அடுத்தது குரோம்பேட்டை, குரோம்பேட்டைக்கு அடுத்தது சானடோரியம். ஆனால் பல்லாவரத்துக்கு அடுத்தது சானடோரியம் அல்ல. ஒருவழிதான், கடப்பு இல்லை. ‘முன் வருவது’ என்பதோ 153 சோடிகள் கொண்டது, கடப்பும் உள்ளது. அந்த 17-ஐத் தொடர்ந்து கோத்துக்கொண்டே போனால் 153-ம் கிடைத்துவிடும். கால அட்டவணை அச்சிடுபவருக்கு 17 போதும். மீதியைப் பயணியின் மனமே கோத்துக்கொள்கிறது.

தடம் ஒரு கோடு என்பதால் அங்கே எந்த இரண்டு நிலையங்களையும் ஒப்பிடலாம். நீர் அப்படிப்பட்டதல்ல. குரோம்பேட்டையை அடுத்துள்ள சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். செம்பாக்கம் நிறைந்து கலங்கல் வழிந்தால் நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாக நீர் கடலை நோக்கிப் போகிறது. இந்தப் பக்கம் இப்படியிருக்க, முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றைச் சேரும். செம்பாக்கம் ஏரி நன்மங்கலத்துக்கு மேல் ஏரி. செம்பாக்கத்துக்கும் முடிச்சூர் ஏரிக்கும் மேல் கீழ் என்ற பேச்சே இல்லை. ஒன்றின் நீர் மற்றதற்குப் போவதில்லை. ஒப்பிட முடியாத இணைகளை ஒப்பிடாமலே விடுகிற இந்த அமைப்புக்குத்தான் பகுதி வரிசை என்று பெயர். போக்குக்கால்வாயும் வரத்துக்கால்வாயும் வெட்டிய நம் முன்னோர் இந்தப் பகுதி வரிசையைத் தரையிலேயே எழுதிவைத்தார்கள். ஒரு ஏரியின் போக்குக்கால்வாய் அடுத்த ஏரியின் வரத்துக்கால்வாய். ஒவ்வொரு கால்வாயும் ஒரு வரிசைச் சோடி. நடுவே ஒரு கால்வாயில் வீடு கட்டினால் அழிவது ஒரு சோடி மட்டுமல்ல, அதன் வழியாகக் கோத்துவந்த எல்லாச் சோடிகளும்தான்.

ஏரிச் சங்கிலியில் நீர் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே திரும்பாததற்குக் காரணம் நிலமட்டம். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு உயரம் இருக்கிறது, உயர எண்கள் சுழல்வதில்லை. ஆனால் நீரின் திசையைக் கடைசியில் தீர்மானிப்பது நிலமட்டமல்ல, நீர்மட்டம். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஆற்றின் மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால் வடிகால் வடிக்காது. ஆற்றுநீர் அதன் வழியாகவே குடியிருப்புக்குள் ஏறும். ஒரு நொடியை மட்டும் எடுத்துப் பார்த்தால் அப்போதும் தொடர்பு ஒருவழிதான்: உயர்ந்த மட்டத்திலிருந்து தாழ்ந்த மட்டத்துக்கு. நேற்றைய திசை இன்று மாறியிருக்கிறது, அவ்வளவே.

இதைக் கணிதம் மிகத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவழித் தொடர்பின் உட்கணம் எதுவும் ஒருவழித் தொடர்பே. இரண்டின் வெட்டும் அப்படியே, நேர்மாறும் அப்படியே. சேர்ப்பு மட்டும் உத்தரவாதம் தராது. கோடையின் நீரோட்டப் படத்தையும் வெள்ளநாளின் படத்தையும் ஒன்றாக அடுக்கினால், சில கால்வாய்களில் அம்பு இருபுறமும் காட்டும். வடிகாலுக்குத் திட்டம் போடுபவர் கோடைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘இது இப்படித்தான் ஓடும்’ என்று எழுதினால், அந்த வாக்கியத்தில் எந்த நாள் என்ற சொல் விடுபட்டிருக்கிறது. தென்சென்னைப் புறநகர் அந்த விடுபட்ட சொல்லுக்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது.

ஒவ்வோர் இணையிலும் திசை இருந்துவிட்டால் முழுமைக்கும் ஒரு வரிசை வந்துவிடும் என்று மனம் எளிதில் நம்பிவிடுகிறது. ஒருவழித் தொடர்புகளைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் கொள்ள முடியும் என்றால், அந்த நம்பிக்கை தவறு என்பதையே நினைவில் கொள்ளச் சொல்வேன். மூன்று உறுப்புகளுக்கு முன் சொன்ன 27 ஒருவழித் தொடர்புகளில் கடப்பும் உள்ளவை 19. மிச்சம் 8-இல் 6, அ-விலிருந்து ஆ-வுக்கும் ஆ-விலிருந்து இ-க்கும் போய், நேராக அ-விலிருந்து இ-க்குப் போகாதவை. தந்தை மகன் உறவு இப்படி. தாத்தா தந்தை ஆவதில்லை. இவற்றில் வரிசையாவது ஒளிந்திருக்கிறது, கோத்தால் வெளிப்படும். எஞ்சிய இரண்டுதான் உண்மையான சிக்கல்: அ ஆ-வை வெல்லும், ஆ இ-யை வெல்லும், இ அ-வை வெல்லும். அதுவும் முழுக்க ஒருவழித் தொடர்பே. எந்தச் சோடியும் திரும்பவில்லை, ஆனால் முதலும் கடைசியும் இல்லை.

இது வெறும் எண்ணிக்கை விளையாட்டல்ல. பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785-லேயே வாக்கெடுப்பில் இதைக் கண்டார். ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஒரு வேலைக்கு மட்டும் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழைநீர் வடிகாலா, பூங்காவா, தெருவிளக்கா? மூன்றில் ஒரு பங்கினர் வடிகால், பூங்கா, விளக்கு என்று வரிசைப்படுத்துகிறார்கள். அடுத்த பங்கினர் பூங்கா, விளக்கு, வடிகால். கடைசிப் பங்கினர் விளக்கு, வடிகால், பூங்கா. இரண்டிரண்டாக வாக்கெடுத்தால் வடிகால் பூங்காவை வெல்லும், பூங்கா விளக்கை வெல்லும், விளக்கு வடிகாலை வெல்லும். மூன்றிலும் பெரும்பான்மை மூன்றில் இரண்டு பங்கு. யாரும் முரண்பாடாக வாக்களிக்கவில்லை. ஒவ்வொருவர் மனத்திலும் ஒழுங்கான வரிசை இருக்கிறது. ஊருக்கு மட்டும் வரிசை இல்லை.

ஹங்கேரியக் கணிதர் ரேடெய் 1934-இல் நிறுவிய ஒரு முடிவு இங்கே மிகவும் பொருந்தும். எல்லோரும் எல்லோரோடும் மோதி, ஒவ்வொரு மோதலிலும் ஒருவர் வென்றால், ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை வென்றவராக இருக்கும்படி அனைவரையும் நிறுத்துகிற ஒரு வரிசை எப்போதும் உண்டு. அப்படிப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. நம் சங்கத்தின் எடுத்துக்காட்டில் அது 3. வடிகாலை முதலில் வைத்தும் பட்டியல் போடலாம், பூங்காவை வைத்தும் போடலாம், விளக்கை வைத்தும் போடலாம். மூன்றும் விதிக்கு உட்பட்டவை. ஆகவே யாராவது ஒரு தரவரிசையைக் காட்டி ‘ஒவ்வொன்றும் அடுத்ததை வென்றிருக்கிறது பாருங்கள்’ என்று சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம். அதனால் அதுவே ஒரே தரவரிசை என்று ஆகிவிடாது. கல்லூரிகளுக்கும் நகரங்களுக்கும் தரவரிசை வெளியாகிற காலத்தில் குடிமக்களுக்கு இந்தத் தேற்றம் தெரிந்திருக்க வேண்டும்.

சுழல் எல்லா இடத்திலும் கேடு என்று எண்ண வேண்டாம். போக்குவரத்தில் சுழல்தான் வேண்டும். ஒரு ஊரின் எல்லாத் தெருக்களையும் ஒருவழிப்பாதை ஆக்கினால், எந்தச் சந்திப்பிலிருந்தும் எந்தச் சந்திப்புக்கும் போக முடியுமா? இதற்கு ஹெர்பர்ட் ராபின்ஸ் 1939-இல் விடை சொன்னார். எந்த ஒரு தெருவை மூடினாலும் ஊர் இரண்டாகத் துண்டாகாது என்றால் முடியும். மூடினால் ஊரைத் துண்டாக்கும் தெரு ஒன்று இருந்தாலும் முடியாது. குரோம்பேட்டையை ரயில் தடம் இரண்டாகப் பிரிக்கிறது. ஜிஎஸ்டி சாலைப் பக்கத்துக்கும் ராதா நகர்ப் பக்கத்துக்கும் நடுவே கேட் மூடிக் காத்திருந்தவர்களுக்குத் தடத்தைக் கடக்கும் ஒவ்வொரு வழியின் மதிப்பும் தெரியும். அப்படிக் கடக்க ஒரே ஒரு வழி இருந்தால் அதை ஒருவழி ஆக்க முடியாது. இரண்டு இருந்தால், ஒன்றில் போய் மற்றதில் திரும்பலாம் என்ற வாய்ப்பு பிறக்கிறது. அதற்கும் இரு பக்கத் தெருக்களிலும் வேறு ஒற்றை இணைப்புகள் இருக்கக் கூடாது. முட்டுச்சந்துகள் எப்படியும் இருவழிதான்.

கணினியில் நிலைமை நேர் எதிர். ஒரு மென்பொருளின் பகுதிகள் ஒன்றை ஒன்று சார்ந்திருக்கும்போது சுழல் வந்தால் எதையும் முதலில் தொடங்க முடியாது. சுழல் இல்லாவிட்டால் வேலைகளை முன்பின்னாக அடுக்க எளிய முறை உண்டு: எதையும் சாராத வேலையைத் தேடி எடு, பட்டியலில் எழுது, அதை நீக்கு, திரும்பச் செய். ஆர்தர் கான் 1962-இல் வெளியிட்ட முறை இது. இடையில் எடுக்க ஒன்றுமே கிடைக்காமல் போனால், மிச்சமிருப்பவற்றுள் சுழல் இருக்கிறது என்று பொருள். மூன்று உறுப்புகளில் சுழலற்ற ஒருவழித் தொடர்புகள் 27-க்கு 25 என்பதால் சுழல் அரிது என்று தோன்றும். நான்கு உறுப்புகளில் 729-க்கு 543. உறுப்புகள் கூடக்கூடச் சுழலற்றவற்றின் பங்கு சுருங்கிக்கொண்டே போகும். பெரிய அமைப்பில் ஒழுங்கு தானாக அமைந்துவிடும் என்று காத்திருக்க முடியாது, அமைக்கத்தான் வேண்டும்.

1949-இல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி குரோம்பேட்டையில் இருக்கிறது. 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த அந்த வளாகத்தைச் சுற்றி இன்று பல பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அங்கெல்லாம் தனிநிலைக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தொடர்புகள் பாடத்துக்கு வரும்போது, 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள்ளும் அதைச் சுற்றியும் இருக்கும் ஏரிகளின் பட்டியலை மாணவர் கையில் கொடுங்கள். எந்த ஏரி எதற்கு நீர் தருகிறது என்று கால்வாய் வழியே நடந்து பார்த்து அம்பு போடச் சொல்லுங்கள். கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழையில் ஒரு முறை போடட்டும். இரண்டு படங்களையும் சேர்த்து, திரும்பிய அம்புகளைச் சிவப்பில் குறிக்கட்டும். அந்தப் படத்தை மாநகராட்சிக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.